இட்டேரி வழியா பழனிக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, குடும்பத்தோட கொழுமத்துல இருந்து பழனிக்கு கியர் வெச்ச மலைச் சைக்கிள்ல (மவுண்டன் பைக்) போய்ட்டு வந்தோம்னு போகிற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கலீங்க. அதனால இந்த தடவை பகுதி முழுக்க அந்த ஒரே விஷயம்தான்.

உடுமலையில இருந்து ஒரு வாசகி: எங்க அப்பாரு வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போவாருங்க. அந்த வழியில ஒரு தடவையாவது போகணும்னு ஆசை, ஆனா எனக்கு முட்டிவலி, நடக்க முடியாது. பெரியவனுக்கு 11 வயசு, சின்னவளுக்கு 8. வீட்டுக்காரர் சைக்கிள் தொட்டே 20 வருஷம் ஆச்சு. லாரிக்கு பயப்படாம, ஒரே காலையில போய்ச் சேர்ற மாதிரி வழி இருக்குங்களா?

இருக்குதுங்க அக்கா, அதுவும் உங்க ஊருக்கு பக்கத்துலயே. உடுமலையில இருந்து மடத்துக்குளம், புஷ்பத்தூர் வழியா போற மெயின்ரோட்டை மட்டும் விட்டுருங்க. தூரம் 35 கிலோமீட்டர் பக்கம்தான், ஆனா அது கோயமுத்தூர் திண்டுக்கல் ரோடு, பஸ்ஸும் லாரியும் உரசிட்டுப் போறப்ப 8 வயசுப் புள்ள ஹேண்டில் பாரை நேரா புடிக்காது. அதுக்கு தெக்கால, மலையை ஒட்டின மாதிரி கொழுமம், பாப்பம்பட்டி, நெய்க்காரப்பட்டின்னு ஒரு வழி போகுது பாருங்க, அதுதான் உங்க வழி. கொழுமம் வரைக்கும் ஒரு குட்டியானையில, அதான் சின்ன லோடு வண்டியில, சைக்கிளை ஏத்திட்டுப் போயி அங்க எறக்கிக்கங்க. அங்கிருந்து பழனி 20 கிலோமீட்டர் சுத்துலதான் வரும்.

ஏன் இந்த வழின்னா, இது நடக்கறவங்களும் மாட்டுவண்டியும் போயிப் போயிப் பழகின பக்கம். பழனிக்குப் போற பாதைகளை மேப்புல யாரும் கோடு போட்டு உண்டாக்கல, காலும் குளம்பும்தான் உண்டாக்குச்சு. மாடு இழுக்க முடியாத ஏத்தத்துல வண்டி போகாது, தண்ணி கிடைக்காத எடத்துல ஆளு தங்க மாட்டான். அதனால பழைய வழியில போனீங்கன்னா பெரிய மேடு வராது, அலை மாதிரி லேசா ஏறும் லேசா எறங்கும், கொஞ்ச தூரத்துக்கு ஒரு மரமோ கோயிலோ தொட்டித் தண்ணியோ வந்துக்கிட்டே இருக்கும். சின்னப் புள்ளைங்க சைக்கிளுக்கு வேண்டியதும் அதேதானுங்களே. மலைச் சைக்கிள்னு பேரு இருக்கறதால மலையேத்தணும்னு ஒண்ணுமில்ல, அந்தத் தடிச்ச டயரு மண்ணுக்கும் கல்லுக்கும் குழிக்கும் செஞ்சது, நம்ம மண்பாதைக்கு அது அருமையா ஒத்துப்போகுது.

கொழுமத்துல அமராவதிக் கரையில பழைய சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் இருக்கு, ஒரு கும்பிடு போட்டுட்டு வெள்ளென கெளம்புங்க. வெள்ளெனன்னா 7 மணி இல்லீங்க, கெழக்கு வெளுக்கறப்பவே முதல் பெடல் மிதிச்சுரணும். பாதயாத்திரைக்காரங்க ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் எந்திரிச்சு நடக்கறது வேண்டுதலுக்காக மட்டுமில்ல, 9 மணிக்கு மேல இந்தப் பக்கத்து வெயிலு என்ன பண்ணும்னு அவங்களுக்குத் தெரியும். புள்ளைங்களோட இருட்டுல போக வேண்டாம், ஆனா ஒம்பதரைக்குள்ள பழனி போயிடற மாதிரி கணக்குப் போட்டுக்குங்க. சின்னப் புள்ளைங்க நின்னு நின்னு போனா மணிக்கு 8 கிலோமீட்டர் வரும், அந்தக் கணக்குல ரெண்டரை, மூணு மணி நேரம்.

வலது கைப் பக்கம் கொடைக்கானல் மலை சுவர் மாதிரி கூடவே வரும், இடது பக்கம் தென்னந்தோப்பு, கரும்பு, நெல்லு. தார் ரோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் இட்டேரி பிரியும். இந்த வார்த்தையை வெளியூர்க்காரங்களுக்கு சொல்லணும், ரெண்டு தோட்டத்து வேலிக்கு நடுவுல வண்டி, மாடு போறதுக்கு விட்ட மண்பாதைதான் இட்டேரி. கிளுவையும் கள்ளியும் ரெண்டு பக்கமும் தலைக்கு மேல நிக்கும், அதுல பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறியிருக்கும், காலையில கவுதாரி கத்தும், செம்போத்து குறுக்கால ஓடும். காத்து படாது, வெயிலு படாது, லாரிச் சத்தம் கேக்காது. வழியில ஒருத்தர்கிட்ட "ஏனுங்க, இந்த இட்டேரி அக்கட்ட ரோட்டுல சேருமுங்களா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க, சிலது நேரா ஒரு தோட்டத்துச் சாளை, அதான் தோட்டத்து வீட்டு, வாசல்ல போயி நின்னுரும். அப்படி நின்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, எங்களுக்கு அப்படி ஒரு வாசல்ல ஒரு ஆத்தா சொம்பு நெறைய மோர் குடுத்து, எங்க மக பாவாடையில ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லை உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துவிட்டுத்தான் அனுப்புனாங்க.

பாப்பம்பட்டி பக்கம் ஐவர்மலை வரும், அதைத் தாண்டிப் போயிராதீங்க. பஞ்சபாண்டவங்க தங்கினதுன்னு ஊருல சொல்லுவாங்க, திரௌபதி அம்மன் கோயிலும் இருக்கு. அதுக்கும் முந்தியே அது சமணர் இருந்த மலை. பாறைக்கு அடியில சமணங்க கும்பிடற தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையா 16 இருக்கு, பக்கத்துல வட்டெழுத்துங்கற பழைய எழுத்துல ஒரு கல்வெட்டு. சக வருஷம் 792, அதாவது கி.பி. 870ல, சாந்திவீரக் குரவர்ங்கற சமணத் துறவி அங்க இருந்த பார்சுவநாதர்ங்கற தீர்த்தங்கரர் உருவத்தைப் புதுப்பிச்சு, 505 காணம் (அந்தக் காலத்துப் பொன் அளவு) பொன்னு வெச்சாருன்னு அதுல இருக்கு. வரகுண பாண்டியனோட எட்டாவது ஆட்சி வருஷம்னும் சேத்து வெட்டியிருக்கறதால, அந்த ராசா 862ல பட்டத்துக்கு வந்தாருன்னு கணக்குப் போட ஆராய்ச்சிக்காரங்களுக்கு இந்த ஒரு கல்லுதான் கை குடுத்துச்சு. உங்க அப்பாரு நடந்த பக்கம் எவ்வளவு நாளா சாமி தேடி ஆளு நடந்த பக்கம்னு பெரியவனுக்கு காட்டிச் சொல்லுங்க. சைக்கிளை அடிவாரத்துல பூட்டி வெச்சுட்டு, கால்ல தெம்பு இருந்தா ஏறுங்க, இல்லாட்டி கீழ இருந்தே பாத்துட்டு இன்னொரு நாள் வாங்க.

நெய்க்காரப்பட்டி வந்தா கரும்பாலை சீசன்ல வெல்லப்பாகு வாசம் ரோடு வரைக்கும் அடிக்கும். கேட்டீங்கன்னா சூடா ஒரு துண்டு வெல்லம் குடுப்பாங்க, கடைசி 8, 9 கிலோமீட்டருக்கு அதைவிட நல்ல தெம்பு கிடையாது.

வீட்டுக்காரருக்கு ஒண்ணு சொல்லிருங்க, போறதுக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை, முதல் வாரம் 5, அடுத்தது 10, அப்புறம் 15 கிலோமீட்டர் ஓட்டிப் பழகணும். கால் வலிக்காது, உக்கார்ற எடந்தான் வலிக்கும், அது பழகினாத்தான் சரியாகும். உங்க முட்டிக்கு சீட்டை கொஞ்சம் தூக்கி வைங்க. பெடல் கீழ போறப்ப காலு கிட்டத்தட்ட நீண்டு, லேசா மட்டும் மடங்கியிருக்கணும். நம்ம ஊருல முக்காவாசிப் பேரு சீட்டைத் தாழ்த்தி வெச்சு முட்டியை நெஞ்சுக்கு கொண்டு வந்து மிதிக்கறாங்க, முட்டிவலிக்கு அதைவிட கேடு வேற இல்ல. வலி ரொம்ப நாளா இருக்குதுன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே கெளம்புங்க.

காங்கேயத்துல இருந்து ஒரு வாசகர்: தோட்டத்துப் பக்கம் சைக்கிளை எறக்கினாலே பஞ்சர். ஒரு மாசத்துல ஆறு தடவை ஒட்டியாச்சு. டயரு சரியில்லைன்னு மாத்தியும் அதே கதை. என்னங்க பண்றது?

டயரு மேல தப்பு இல்லீங்க, நீங்க இருக்கறது கொறங்காட்டு நாடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டு நாடு. வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் இருக்கறதாலதான் காங்கேயம் மாடு பொழைக்குது, அதே வெள்வேல முள்ளுதான் டியூப்புல ஏறுது. கூட சீமைக்கருவேலமும் நெருஞ்சியும். வெள்வேல முள்ளு வெள்ளையா ஊசி மாதிரி நீளமா இருக்கும், காஞ்சு போனா டயரு தடிப்பை ஒரே குத்துல தாண்டிரும்.

உங்க ஆறு பஞ்சர்ல பாதி ஒரே முள்ளா இருக்கலாம்னு நான் நினைக்கறேன். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. மூலனூர் பக்கம் ஒரு இட்டேரியில மகளோட பின் சக்கரம் எறங்கிருச்சு, ஒட்டினோம், அரை மைல் போறதுக்குள்ள மறுபடியும் எறங்கிருச்சு. மாடு தண்ணி குடிக்கற தொட்டியில டியூப்பை முக்கிப் பாத்தா மொதல்ல ஒட்டின எடத்துல இருந்து ஒரு விரக்கடை தள்ளி, சின்னதா நூல் மாதிரி குமிழி வரிசையா மேல வருது. ஓட்டையை ஒட்டினோமே தவிர முள்ளை எடுக்கல. டயருக்கு உள்பக்கம் கையை விட்டுத் தடவினா ஒண்ணும் தட்டுப்படல, அப்புறம் டயரை ரெண்டு கையில மடக்கிப் பிதுக்கினப்பதான் ஒரு மில்லிமீட்டர் முனை, ரப்பர் நெறத்துலயே, எட்டிப் பாத்துச்சு. உள்ள ஒடைஞ்சு நின்ன முள்ளு அது. காத்து அடிச்சு ஆளு ஏறி உக்காந்தாத்தான் அது டியூப்பைத் தொடும், கையில தடவினா தெரியாது.

அதனால டியூப்புல ஓட்டை எங்க இருக்குன்னு பாத்ததும், அதே எடத்துக்கு நேரா டயருல தேடுங்க. தேடறதுக்கு தோதா டியூப்பை கழட்டறப்பவே வால்வு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு டயருல ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கங்க. வெரலை நேரா விட்டு ஓட்டாதீங்க, முள்ளு ஏறிரும், ஒரு பழைய துணியைச் சுருட்டித் தடவினா நூலு மாட்டும், மாட்டற எடத்துல முள்ளு. டயருக்கும் டியூப்புக்கும் நடுவுல போடற ரப்பர் பட்டை விக்குது, அதையும், டியூப்புக்குள்ள ஊத்தற பஞ்சர் சீலன்ட்டையும் போட்டீங்கன்னா நெருஞ்சிக்கெல்லாம் கவலையே இல்ல. வெள்வேலத்துக்கு அது முழுசா தாங்காது, ஒரு மாத்து டியூப்பு எப்பவும் பையில இருக்கணும்.

இன்னொண்ணு, நம்ம கிராமத்துச் சைக்கிள் கடைக்காரரு பம்பு சாதா சைக்கிளுக்கானது, வால்டியூப்பு போட்ட வால்வுக்குத்தான் நிக்கும். கியர் சைக்கிள் வால்வு பெரும்பாலும் மோட்டார் பைக்குல இருக்கற மாதிரி தடிச்சது. அதுக்கு பைக் பஞ்சர் கடைதான் சரி. ஒரு கைப்பம்பு வாங்கி வெச்சுக்கிட்டா ஆரையும் எதிர்பாக்க வேண்டாம். காத்தையும் கல்லு மாதிரி அடிக்காதீங்க, மண்பாதையில பெரியவங்களுக்கு 35 பி.எஸ்.ஐ. சுத்துல, புள்ளைங்களுக்கு 25, 30 போதும், ஆனா டயரு பக்கவாட்டுல போட்டிருக்கற கம்மி அளவுக்குக் கீழ மட்டும் போகாதீங்க.

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகர்: தைப்பூசத்தன்னைக்கே குடும்பத்தோட சைக்கிள்ல போயி எறங்கலாம்னு இருக்கோம். கூட்டத்தோட கூட்டமா போனா புள்ளைங்களுக்கும் உற்சாகமா இருக்கும்ல?

வேண்டாங்க தம்பி. இதுல எனக்கு ரெண்டு கருத்தே கிடையாது. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னாடியும் பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னாடியும் பழனி போற அத்தனை ரோட்டு ஓரமும் நடக்கறவங்களுக்குச் சொந்தம். செருப்பில்லாம, பாதம் கொப்புளிச்சு, தோள்ல காவடியோட வர்றவங்களுக்குப் பின்னாடி போயி பெல் அடிச்சு ஒதுங்கச் சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. அவங்களைத் தாண்டறதுக்காக நீங்க ரோட்டு நடுவுல போனா அங்க பஸ் வரும், புள்ளையோட அந்த ஆபத்து எதுக்குங்க. அந்த நாள்ல போகணும்னா சைக்கிளை வீட்டுல வெச்சுட்டு கடைசி 5 கிலோமீட்டராவது புள்ளைங்க கையைப் புடிச்சு நடங்க, அந்த உற்சாகம் நடக்கறவனுக்குத்தான் முழுசா கெடைக்கும்.

சைக்கிளுக்கு நல்ல மாசம் மாசி. பூசக் கூட்டம் கலைஞ்சிருக்கும், பனி விட்டிருக்கும், காலையில குளுகுளுன்னு இருக்கும், பங்குனி வெயிலு இன்னும் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில மழை, உடுமலை மடத்துக்குளம் பக்கம் கரிசல் மண்ணு இருக்கற எடத்துல டயரு ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள சேறு அப்பி பிரேக்குல அடைச்சு சக்கரமே சுத்தாது, தூக்கிட்டுத்தான் வரணும். வேற நாள்ல போறப்பவும் எதுக்கால காவடி வந்தா எறங்கி நின்னு, ஒரு அரோகரா சொல்லி, அவங்க போனதுக்கு அப்புறம் ஏறுங்க. புள்ளைங்க அதைப் பாத்தே கத்துக்கும்.

பொள்ளாச்சியில இருந்து ஒரு வாசகி: 9 வயசுப் பையனுக்கு கியர் சைக்கிள் வாங்கப் போனோம். கடையில 26 இன்ச் எடுங்க, வளர்ற புள்ளை, நாலு வருஷத்துக்கு ஓடும்னு சொன்னாங்க. எடுக்கலாமா?

எடுக்காதீங்க. எனக்கும் இதே மாதிரி ஒரு கடையில சொல்லி, நானும் கேட்டுட்டு வந்து, என் பையன் மொத மாசத்துலயே இட்டேரித் திருப்பத்துல காலு ஊன எட்டாம அப்படியே பக்கவாட்டுல கள்ளி மேல சாஞ்சான். முழங்கையெல்லாம் முள்ளு. அதுக்கப்புறம் எட்டு மாசம் அவன் சைக்கிளைத் தொடல. வளர்ற புள்ளைக்கு சட்டையைப் பெருசா எடுக்கலாம், சைக்கிளை எடுக்கக் கூடாது.

6ல இருந்து 8, 9 வயசு வரைக்கும் 20 இன்ச், 9ல இருந்து 12 வரைக்கும் 24 இன்ச்சுன்னு ஒரு தோராயம், ஆனா வயசைவிட உசரந்தான் கணக்கு. சீட்டுல உக்காந்து ரெண்டு காலு முன்விரலும் தரையைத் தொடணும், எறங்கி நின்னா நடுக் கம்பிக்கும் தொடைக்கும் நடுவுல ரெண்டு மூணு விரக்கடை எடம் வேணும். பிரேக் லிவரு அவன் விரலுக்கு எட்டுதான்னு கடையிலயே புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, பாதிப் பேரு இதைப் பாக்கறதே இல்ல.

பின்னாடி ஸ்பிரிங் வெச்சது பாக்க கெத்தா இருக்கும், ஆனா கம்மி வெலையில வர்றதெல்லாம் இரும்புக் குண்டு, புள்ளை மிதிக்கற மிதியில பாதியை அந்த ஸ்பிரிங்கே தின்னுரும். முன்னாடி மட்டும் ஸ்பிரிங், இல்லாட்டி ஸ்பிரிங்கே இல்லாதது, எடை கம்மி, அதுதான் நல்லது. கியரும் 21 வேணும்னு இல்ல, முன்னாடி ஒரு பல்சக்கரம், பின்னாடி ஏழு இருந்தா அந்த வயசுக்கு தாராளம். மேடு வர்றதுக்கு முன்னாடியே லேசான கியருக்கு மாத்தணும்னு மட்டும் பழக்குங்க, மேட்டுல நின்னு முக்கிக்கிட்டே மாத்தினா செயின் கழண்டுரும். ஹெல்மெட் புருவத்துக்கு மேல ரெண்டு விரல் எடம் விட்டு நேரா உக்காரணும், சரிஞ்சு பின்மண்டையில தொங்குனா போட்டும் புண்ணியமில்ல.

கொடுமுடிப் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்: எங்க ஊருல இருந்து பங்குனி உத்திரத்துக்கு தீர்த்தக்காவடி எடுக்கறது வழக்கம். அதே வழியை குடும்பத்தோட சைக்கிள்ல போக முடியுமா? எத்தனை நாளாகும்?

கொங்கு நாட்டுக்கும் பழனிக்கும் இருக்கற உறவே அந்தத் தீர்த்தந்தானுங்க. கொடுமுடியில காவேரியில தண்ணி மோந்து, மகுடேசுவரர் சந்நிதியில வெச்சுக் கும்பிட்டு, வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம், அலங்கியம்னு நடந்து பழனியில முருகனுக்கு அபிசேகத்துக்குக் குடுக்கறது. பங்குனி வெயில்ல நிக்கற சாமிக்கு நம்ம ஊரு ஆத்துத் தண்ணி. அதை நினைச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு நெறைஞ்சிரும்.

ஆனா முழு வழியும் 100 கிலோமீட்டர் பக்கம் வரும். இதைச் சுலபமான பயணம்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். 14, 15 வயசுக்கு மேல இருக்கற புள்ளைங்கன்னா மூணு நாள்ல, நாளைக்கு 35ன்னு பிரிச்சுக்கலாம். சின்னதுக இருந்தா தாராபுரத்துக்கு அக்கட்ட இருக்கற கடைசித் துண்டை மட்டும் ரெண்டு காலையா பிரிச்சு ஓட்டுங்க.

காத்தைப் பத்தி ஆரும் சொல்றதில்ல, நான் சொல்லிடறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் மேகாத்து, அதான் மேக்க இருந்து வர்ற காத்து, அடிக்கும், அதை நம்பித்தானே உடுமலை, தாராபுரம் பக்கம் இத்தனை கரண்டு காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. கொடுமுடியில இருந்து பழனி தென்மேக்கால இருக்கு, ஆடியில போனீங்கன்னா நாள் முழுக்க காத்து மூஞ்சியில, புள்ளை மிதிச்சு மிதிச்சு நின்ன எடத்துலயே நிக்கும். கொழுமத்துல இருந்து போனா கெழக்கால போறது, அதே ஆடிக்காத்து முதுகுல கையை வெச்சுத் தள்ளி விடும். ஆடியில போயே ஆகணும்னா கொழுமம் வழி, கொடுமுடி வழின்னா தை, மாசி. திரும்பறதுக்கு காத்தை எதுத்து மிதிக்காதீங்க, வண்டியில ஏத்திட்டு வந்துருங்க. பழனியில இருந்து உடுமலை, பொள்ளாச்சிக்கு ரயிலும் இருக்கு, சைக்கிளை லக்கேஜா புக் பண்ணணும், எந்த வண்டியில ஏத்துவாங்கன்னு மொதல்லயே ஸ்டேஷன்ல கேட்டுக்கங்க.

நாமக்கல்ல இருந்து ஒரு வாசகர்: என் தங்கச்சி மகன் ஸ்பெயின்ல கமினோன்னு ஒரு யாத்திரை வழியில சைக்கிள் ஓட்டிட்டு வந்து போட்டோவா காட்டறான். அங்க மாதிரி இங்க ஒரு பாதை வருமா?

அங்க சந்தியாகோ தேவாலயத்துக்குப் போற வழிக்கு மஞ்ச அம்புக்குறியும் கிளிஞ்சல் அடையாளமும் போட்டு, நடந்தா கடைசி 100 கிலோமீட்டர், சைக்கிள்னா 200 கிலோமீட்டர் வந்தாத்தான் சான்றிதழ்னு வெச்சிருக்காங்க. 1993லயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிருச்சு. நல்ல விஷயந்தான், உங்க மருமகன் ஓட்டினது சந்தோசம். நமக்கு பாதை இல்லாம இல்லீங்க, இருக்கறது போயிட்டு இருக்கு, என் வருத்தம் அதுதான். இட்டேரி ஒவ்வொண்ணா சுருங்குது. கிளுவை வேலியைப் பிடுங்கி கம்பிவேலி போடறப்ப ரெண்டடி உள்ள வந்துடறாங்க, அடுத்த பக்கத்துக்காரரு ரெண்டடி, மாட்டுவண்டி போன எடத்துல இப்ப சைக்கிளே ஒத்தையாத்தான் போகுது. மனையா பிரிச்சு வித்த எடத்துல இட்டேரி இருந்த தடமே இல்ல. நான் சின்ன வயசுல அம்முச்சி (அம்மாவோட அம்மா) வீட்டுக்கு நடந்த இட்டேரி இப்ப ஒரு குடோன் காம்பவுண்டுக்குள்ள இருக்கு. நாலு குடும்பம் சைக்கிள்லயோ நடந்தோ மாசத்துக்கு ஒருக்கா போனா அது பாதைன்னு ஊருக்கு ஞாபகம் இருக்கும். உங்க ஊரு இட்டேரி எது எதுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க, இந்தப் பகுதியில போடறேன்.

அவினாசியில இருந்து ஒரு வாசகி: பழனி போயிச் சேர்ந்ததும் சைக்கிளை எங்க விடறது? செல்போனை மேல கொண்டு போலாமா?

மலையைச் சுத்தி இருக்கற கிரிவீதிக்குள்ள தனியார் வண்டி விடறதில்ல, கோர்ட்டு உத்தரவு. ஊருக்குள்ள வண்டி நிறுத்தற எடத்துலயோ தங்கற லாட்ஜுலயோ விட்டுட்டு, நாலு சைக்கிளையும் ஒரே சங்கிலியில பூட்டிருங்க. 2023 அக்டோபர்ல இருந்து மலை மேல செல்போனுக்கு தடை, கீழயே குடுத்து டோக்கன் வாங்கிக்கணும். சைக்கிள் மிதிச்ச காலோட 693 படி ஏற வேண்டாம்னு தோணுனா யானைப்பாதை இருக்கு, ஏத்தம் கொஞ்சம் சாவகாசமா போகும். புள்ளைங்களுக்கு வின்ச்சுதான் புடிக்கும். அதுக்கு முன்னாடி அடிவாரத்துல இருக்கற திருவாவினன்குடி கோயில்ல கும்பிட்டுட்டு ஏறுங்க, ஆறுபடை வீட்டுல மூணாவது அதுதான். எறங்கி வந்து பஞ்சாமிர்தம் வாங்கறப்ப புள்ளைங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க, அதுல இருக்கற நாட்டுச்சக்கரை நம்ம கவுந்தப்பாடியில இருந்து வருது, பழம் விருப்பாச்சி மலை வாழை.

கோபியில இருந்து ஒரு வாசகி: நாங்க எல்லாரும் சைக்கிள்ல போறோம்னு சொன்னதுல இருந்து மாமியார் மூஞ்சி வாடிப்போச்சு. 66 வயசு, சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறதுங்க?

இதுக்கு நம்ம பெரியவங்க எப்பவோ வழி பண்ணிட்டாங்க. பாதயாத்திரைக் கூட்டத்துக்குப் பின்னாடி ஒரு மாட்டுவண்டி வரும், அதுல அரிசி, பாத்திரம், பாய், நடக்க முடியாத பாட்டி, தூங்கற கொழந்தை. இப்பவும் தைப்பூசத்துக்கு கூண்டு வண்டி கட்டிக்கிட்டுப் போற ஊருக இருக்கு. வண்டியில வந்தவங்களை ஆரும் யாத்திரை போகலைன்னு சொன்னதில்ல. உங்க மாமியாரைக் குட்டியானையில முன்சீட்டுல உக்கார வைங்க, கூட வர்றதுக்கு அவங்க பேச்சுக்குத் தோதா ஒரு ஒறம்பரையையும், அதான் ஒரு சொந்தக்காரரையும், ஏத்துங்க. சாப்பாடு, தண்ணி, மாத்து டியூப்பு, பம்பு எல்லாம் அவங்க பொறுப்பு. வண்டி உங்க பின்னாடியே உருண்டுட்டு வரக் கூடாது, புகையும் ஹாரனும் புள்ளைங்களுக்கு தொல்லை. 5 கிலோமீட்டர் முன்னால போயி ஒரு மரத்தடியில நிக்கணும், நீங்க வந்து சேர்ந்து தண்ணி குடிச்சதும் அடுத்த மரத்துக்குப் போகணும். அஞ்சஞ்சு கிலோமீட்டரா வெட்டினா 20ங்கறது 8 வயசுப் புள்ளைக்கு நாலு மரத்தடி, அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் மாமியாருக்கு கதை சொல்ற வேலை குடுங்க, இடும்பன் சிவகிரியையும் சக்திகிரியையும் ரெண்டு பக்கமும் காவடி கட்டித் தூக்கிட்டு வந்தது, மயிலுக்கு குளுருதுன்னு போர்வை குடுத்த பேகன் இந்தப் பழனிச் சீமையை ஆண்டது. வழியில மயிலு குறுக்க நடக்கறப்ப புள்ளைங்களே பிரேக் புடிச்சு வழி விடும்.

எங்கம்மாவை நாங்க அப்படித்தான் கூட்டிட்டுப் போனோம். கடைசி நிறுத்தம் சண்முகநதிக் கரை. நாங்க போயிச் சேர்றப்ப அவங்க ஆத்துல எறங்கி காலு நனைச்சுட்டு, தூக்குப்போசியில புளிச்சோறும் வெங்காயமும் எடுத்து வெச்சு, ரோட்டைப் பாத்தபடியே நின்னுட்டு இருந்தாங்க. பேத்தி சைக்கிள் தெரிஞ்சதும் ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கி அரோகரான்னாங்க. ரெண்டு கையும் எடுத்துட்டா விழுந்துருவோம்னு பேத்தி ஒரு கையை மட்டும் தூக்கி, அதுவும் அரோகரான்னு கத்திக்கிட்டே வந்து நின்னுச்சு.